கேஸ்ட்ரிக் மாத்திரை

எனக்கு நீளக் கை. தேயிலை நிரைக்குள் இறங்காமலே செடியின் நடுக்கொழுந்தைக் கத்தரித்துவிடுவேன். "சாந்திய மேட்டுக்கு அனுப்புங்க, அவளுக்குத்தான் எட்டும்" என்று கங்காணி சொன்னால் பெருமை தாங்காது எனக்கு. மடச்சி!

ஒரு காலை கொழுந்து மூட்டையைத் தூக்கியபோது நெஞ்சுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் நிரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தன் வேனில் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து மலைக்குக் கீழே ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

ஈப்போவில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்த டாக்டரம்மா என் கைகளையும் விரல்களையும் அளந்தார். மார்ஃபன் (இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறு) என்றார். பெருந்தமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) அடியில் வீங்கியிருந்தது.

"பீன்ஸ் தோட்டம் பாத்திருப்பீங்கல்ல? கயிறு கட்டினாத்தான் கொடி ஏறும். ஃபைப்ரிலின்னு ஒரு புரதம், அதுதான் கயிறு. எலாஸ்டின்னு இன்னொரு புரதம் அது மேல படிஞ்சு, இறுகப் பின்னிக்கணும். அப்பதான் ரத்தக்குழாய் விரிஞ்சு சுருங்கும். உங்களுக்குக் கயிறே சரியில்லம்மா, பின்னினது ஒவ்வொண்ணா அறுந்துட்டு வருது."

"அறுந்தது திரும்ப வளராதா டாக்டர்?"

"எலாஸ்டின உடம்பு பெரும்பாலும் சின்ன வயசுலதான் செய்யும். அதுக்கப்புறம் இருக்கறதக் காப்பாத்தணும். அதுக்குத்தான் மாத்திரை."

மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அண்ணன் மாத்திரை அட்டையைப் பார்த்தார். "இத திடீர்னு நிறுத்திடாத தங்கச்சி. மொத ரெண்டு வாரம் தலை சுத்தும், அப்புறம் சரியாயிரும்லா."

டாக்டரம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை.

"உனக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவர் கை சட்டைப் பையை மறைத்தது. அதற்குள் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தேன். பதினோரு வருடமாகக் கேஸ்ட்ரிக் மாத்திரை என்று எங்களிடம் சொல்லி விழுங்கியது அதே அட்டைதான்.

"கூடப்பிறந்தவங்களையும் கூட்டிட்டு வான்னு அப்பவே டாக்டர் சொன்னாரு. அந்த வாரந்தான் உன்னப் பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தாங்க. தெரிஞ்சா கல்யாணம் நின்னு போயிரும்னு..."

"மாசமா இருந்தேனேண்ணே! அப்பக்கூடச் சொல்லலையே நீ! பிரசவத்துல குழாய் வெடிச்சிருந்தா?"

வளைகாப்பில் எனக்கு வளையல் போட்டு அழுதவர் இந்த அண்ணன். பாசத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். என் உடம்பு எனக்குச் செய்த துரோகத்தையாவது மன்னிக்கலாம், அதற்கு ஒன்றும் தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும்.

சில வாரம் கழித்து அறுவை சிகிச்சை செய்து, வீங்கிய பகுதியை வெட்டிவிட்டு அங்கே ஒரு துணிக்குழாயைத் தைத்தார்கள். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், தும்மினால் தையல் பிரிந்துவிடுமோ என்று முதல் மாதம் பயமாக இருக்கும். பிரியாது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தும்முங்கள்.

என் மகள் கீர்த்திக்குப் பத்து வயது. வகுப்பில் அவள்தான் உயரம், கை முழங்காலைத் தொட்டுவிடும். அவளுக்கு எக்கோ எடுக்க நாள் வாங்கியதும் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "வேணாம்மா. நாளைக்கு அவள யாரு கட்டுவா?"

"நீதான் வேன் ஓட்டுற. நீதான் அவகிட்ட சொல்லவும் போற" என்றேன். குறித்த நாளில் அவரே வேனோடு வந்தார்.

கீர்த்திக்கும் இருந்தது. வீக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. "நேரத்தோட கூட்டிட்டு வந்தீங்க" என்றார் டாக்டரம்மா. நான் அண்ணனைப் பார்த்தேன்.

திரும்பும்போது மலையேறும் முன் வேனை நிறுத்தி, அண்ணன் தன் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். "மாமா, கேஸ்ட்ரிக்கா?" என்று கேட்டாள் கீர்த்தி.

"இல்லடா. உனக்குக் குடுத்த அதே மாத்திரைதான்."

அவள் தண்ணீர் போத்தலை அவரிடம் நீட்டினாள். என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. என் வயதைக் கேட்டால் இப்போது முப்பத்தாறு என்று சட்டென்று வாயில் வருவதில்லை. அந்தப் பதினோரு வருடத்தில் உள்ளே ஒவ்வொன்றாக அறுந்த நூல்தான் நினைவுக்கு வருகிறது. கீர்த்தியின் பத்து வயது மட்டும் எனக்குச் சரியாகத் தெரியும், நேரத்தோடு மாத்திரை கிடைத்த வயது அது.