நமல்வா தூவிய சாம்பல்

நமல்வாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். சம்பளமில்லாத சுகாதாரத் தொண்டு வேலைக்கு எங்கள் ஊர்க் கூட்டம் அவளைப் பிடித்துப் போட்டது அதற்காகத்தான். எட்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் கழிப்பறைக் குழியின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறாள். குழி வெட்டுகிறவன் கிசா, அதாவது நான், மண்வெட்டியோடு பின்னால் போவேன். அவள் வாங்கும் திட்டில் பாதி எனக்கும் விழும்.

அந்த மே மாதம் அவள் மகள் நெலிமாவுக்கு இரண்டாவது முறையாக வயிற்றுப்போக்கு. பிள்ளையின் கண்கள் உள்ளே போய்விட்டன, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள். ஊரே குடிப்பது மேட்டடியில் இருக்கும் ஊற்றுத் தண்ணீரைத்தான்.

"யாரோ இன்னும் மேட்டுச் சோளக்காட்டுக்குத்தான் வெளிக்குப் போறாங்க கிசா. யாருன்னு தெரியாம எனக்குக் களி தொண்டையில எறங்காது" என்றாள்.

அன்று சாயங்காலம் முப்பத்தொரு கழிப்பறை வாசலிலும் அடுப்புச் சாம்பலைத் தூவினாள். காலடி பார்க்கிறாளாம்! மீன் விற்கும் நாஞ்சலா விடுவாளா?

"நாளைக்கு எங்க கட்டிலச் சுத்தியும் தூவுவியாடி?"

"உன் புருஷன் சொன்னா தூவுறேன் அக்கா."

மறுநாள் காலையில் முப்பது வாசல்களைப் பார்த்தோம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரின் காலும் சாம்பலில் பதிந்திருந்தது. கடைசியில் அவள் வீட்டு வாசல். அங்கே இரண்டு பேர் கால்தான். அவளுடையது, மகளுடையது. கணவன் தொலைவில் மொம்பாசா நகரத்தில் லாரி ஓட்டுகிறான். ஆனால் வீட்டில் மூன்றாவதாக மாமனார் மசிண்டே இருக்கிறார்.

மாமனாரும் மருமகளும் ஒரே குழியைப் பயன்படுத்துவது எங்கள் புகூசு மக்களுக்கு நினைத்தாலே கூசும். அதைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் பேசவும் கூடாது. கிழவருக்குத் தனிக் குழி இருந்தது. ஏப்ரல் மழையில் அது இடிந்துபோனது. அவர் தம்பி வீட்டுக்குப் போகிறார் என்று இவளாக நினைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கும் சரி என்று கணக்கில் குறித்துவிட்டாள். ஆனால் அந்தத் தம்பி வீட்டுச் சாம்பலிலும் கிழவர் கால் இல்லை.

நமல்வா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஊரான் வீட்டுக் குழியெல்லாம் எட்டிப் பாத்தேனே, என் வீட்டப் பாக்கலையே" என்று அழுதாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, நானே கிழவரிடம் போனேன்.

கிழவர் மாமரத்தடியில் மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, தம்பி வீட்டுக் குழி வசதியா இருக்கா?"

"அங்க அவனுக்கு ரெண்டு மருமக. நான் எப்படிடா போவேன்?"

"அப்ப எங்க போறீங்க?"

"எவ்வளவு பெரிய காடு கிடக்கு!"

"அந்தக் காட்டுக்குக் கீழதான் நெலிமா குடிக்கிற ஊத்து."

கத்தி நின்றது. 

"இடிஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்டடா சொல்லுவேன்? மகன் மொம்பாசாவுல. மருமககிட்டயா? வெக்கங்கெட்டவனே!" என்று குரலை உயர்த்தினார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

வாழைத் தோப்புக்குப் பின்னால் அவருக்கென்று புதுக் குழி ஒன்றை மூன்று நாள் வெட்டினேன். கை கழுவத் தண்ணீர் கேனும் சோப்பும் தொங்கவிட்டேன். நமல்வா அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, காட்டவும் முடியாது. ஊரிலேயே அவள் திறந்து பார்க்க முடியாத ஒரே கதவு அது! எனக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொண்டுவரும் சாக்கில் துளைத்தெடுத்தாள்.

"எவ்வளவு ஆழம்? மண்ணு என்ன நெறம்? உள்ள போறாரா? கை கழுவுறாரா?"

"நான் என்ன, கூடவே போய் நிக்கவா?"

இரண்டு வாரம் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஒருநாள் காலையில் நானும் அவளும் அடுப்படி வாசலில் நின்றிருந்தோம். வாழைத் தோப்பிலிருந்து கிழவர் ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தார். முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்து உரக்கச் சத்தம் போட்டார்.

"இந்த வீட்டுல சோப்பு தீந்துபோச்சுன்னா யாருமே பாக்க மாட்டீங்களா?"

நமல்வா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. புதுச் சோப்பு ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

நெலிமா தாத்தாவிடம் ஓடினாள்.