சைக்கிளில் எழுதாத பெயர்

ரேவதி, நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். நேற்று ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, சைக்கிள் சீட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே கம்பத்தில் அவளுடைய சைக்கிள் சீட் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கம்பத்தில் இன்னொன்று. அதற்குச் சக்கரம் இரண்டும் போய், வெறும் சட்டமும் பூட்டும்தான் மிச்சம். பாரிஸுக்குப் பக்கத்தில் நான் இருக்கும் ஊரில் சைக்கிள் திருட்டு அப்படி.

ரேவதி என் அக்கா. ஒன்றரை வயதுதான் மூத்தவள் என்பதால் பெயர் சொல்லியே கூப்பிட்டு அம்மாவிடம் திட்டு வாங்குவேன். போன ஆடியில் மஞ்சள் காமாலை முற்றி, படுத்த பதினோராம் நாள் போய்விட்டாள். இங்கே தங்கும் அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். என்னால் போக முடியவில்லை. போனில்தான் பார்த்தேன், அதிலும் யாரோ ஒருவருடைய முதுகு அவள் முகத்தை மறைத்தது. அவளை நினைத்து அழாத நாள் இல்லை. ஆனால் அவள்மேல் எனக்கு இருந்த பொறாமை அவளோடு போகவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

ஊரில், தலத்தெருவில் எங்கள் வீட்டில் பாவாடை, செருப்பு, புத்தகப் பை எல்லாம் முதலில் ரேவதிக்கு வரும், பிறகுதான் எனக்கு. நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். ஒன்பதாவது போனவர்களுக்குத்தான் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள். அவளுக்குக் கிடைத்த சைக்கிளின் செயின் கவரில் அப்பா பெயிண்டரை வைத்து மஞ்சள் எழுத்தில் 'ரேவதி' என்று எழுதி வாங்கினார். அதற்குப் பூட்டே கிடையாது. தெருவில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போவார்கள், சாயந்திரம் தானாக வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நான் ஏறினால் மட்டும் "விழுந்து வைப்படி, எறங்கு" என்பாள். என் கல்யாணமும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் பிரான்சிலிருந்து பெண் பார்க்க வந்தது அவளைத்தான். லேப் வேலையை விட்டு வரமாட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் என்னைக் காட்டினார்கள். அவர் நல்லவர். இருந்தாலும் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைப் பார்த்த கண் அது என்பதை நான் மறந்ததே இல்லை.

இங்கே ஒரு ஓட்டலில் விரிப்புகளைத் துவைக்கும் இடத்தில் எனக்கு வேலை. முதல் பஸ்ஸுக்கு முன்பே போய் நிற்க வேண்டும் என்பதால் சம்பளத்தில் ஒரு சைக்கிள் வாங்கினேன். பழையதுதான், ஆனால் ரேவதியின் பழையது இல்லை. கடைக்காரர் சட்டத்தில் ஒரு நம்பர் ஒட்டி, அதை என் பெயரில் பதிந்து கொடுத்தார். கூட வேலை செய்பவர்கள் எல்லாரும், முதலில் அஸ்யூரான்ஸ் போடு என்றார்கள். சைக்கிளுக்கு இன்சூரன்ஸா என்று நான் வாயைப் பிளந்தபோது என் வீட்டுக்காரர், "சைக்கிளுக்குப் போட்டுட்டு எனக்கும் ஒண்ணு போட்டுவுடு. என்னயும் எவளாவது தூக்கிட்டுப் போயிடப்போறா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடியோவில் சைக்கிளைப் பார்த்த அம்மாவுக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சுதா, அதுல அக்கா பேர எழுதிடும்மா. நீ போறப்ப வர்றப்ப அவளும் கூட வந்த மாதிரி இருக்கும்" என்றாள். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். போனவர்களின் பெயர் ஆட்டோவிலும் படகிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சரி என்று சொல்லி போனை வைத்தேன். உள்ளே எரிந்தது. பிறந்ததிலிருந்து அவள் பெயர் இல்லாமல் எனக்கு வந்த ஒரே பொருள் இது. இதையும் அவளுக்கே கொடுப்பதா?

அந்த எரிச்சலோடுதான் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்கார மதாம் பொறுமையாக இரண்டு விதம் சொன்னாள். ஒன்று வீட்டு இன்சூரன்ஸோடு சேர்ந்தது. கட்டிடத்தின் அடியில் இருக்கும் எங்கள் சாமான் அறையில் பூட்டி வைத்து, அதை உடைத்து எடுத்தால் மட்டும்தான் பணம் வரும். இன்னொன்று சைக்கிளுக்கென்றே தனியாகப் போடுவது. தெருவில் திருடினாலும் வரும், ஆனால் அவர்கள் சொல்லும் பூட்டால், அசையாத கம்பத்தோடு, சட்டத்தைச் சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். யாருக்காவது இரவல் கொடுத்துத் தொலைந்தால் எதுவும் வராது. ஓட்டல் வாசலில் நிற்கிற சைக்கிளுக்கு இரண்டாவதுதான் சரி என்றேன். நாலு பக்கமும் போட்டோ கேட்டாள். ஏதாவது பெயரோ அடையாளமோ எழுதியிருந்தால் இன்னும் நல்லது, போலீசுக்குக் கண்டுபிடிக்க லேசு என்றாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், என் அக்கா பெயரை எழுதச் சொல்கிறார்கள் என்றேன். அப்படியானால் சைக்கிள் அக்காவுடையதா, அவள்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். இல்லை, என்னுடையது என்றேன். பிறகு ஏன் அவள் பெயர் என்று கேட்டாள். வேறு வழி தெரியாமல், "எல் ஏ மோர்த்" என்றேன். செத்துவிட்டாள் என்று அந்த பாஷையில் நான் முதல்முறையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

மதாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என்ன வயது, போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். போனை நீட்டினேன். எவ்வளவு அழகு என்று வெகுநேரம் பார்த்தாள். அரைமணி நேரமாக எதிரே உட்கார்ந்திருந்த என்னை அவள் ஒருமுறைகூட அப்படிப் பார்க்கவில்லை. ரேவதியைக் கண்ணால் கண்டிராத இந்த ஊரிலும், என்னுடைய நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். சைக்கிளில் பெயர் எதுவும் கிடையாது, நம்பர் மட்டும்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவிடம் பொய் சொன்னேன். இந்த ஊர்ச் சட்டப்படி சைக்கிளில் பெயர் எழுதக் கூடாதாம், எழுதினால் இன்சூரன்ஸ் கிடையாதாம் என்றேன். அம்மா நம்பிவிட்டாள். "அப்ப உன் பேராவது எழுதியிருக்கா?" என்றாள். வெறும் நம்பர்தான் என்றேன். "ரெண்டு புள்ளைல ஒருத்தி பேரும் இல்லியா?" என்று கேட்டுவிட்டு, சோறு இறக்கணும் என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் நான் எழுதவில்லை. இந்த ஊர்க் காகிதத்தில் நான் ஒரு சைக்கிளின் சொந்தக்காரி. தலத்தெருவில் கேட்டால் ரேவதியின் தங்கச்சி. வேலைக்குப் போகும் வழியில் ஒருத்தி மிதிக்கிறாள், இன்னொருத்தி அழுகிறாள், இரண்டும் நான்தான். சைக்கிளில் எழுத மனசு வராத பெயரை இங்கே இத்தனை முறை எழுதிவிட்டேன். இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும், எந்த ஊரில் இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஒரு தடவை ரேவதிக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவளோடு சேர்த்து என் பெயரைச் சொல்ல வேண்டாம். அவள் பெயரை மட்டும் சொல்லுங்கள்.