கரையோர லைனுக்கு ஒரு கடிதம்

1. காலியான கேலரி

கொழும்பு வெள்ளவத்தை ஸ்டேஷனில் தெஹிவளைப் பக்க முனையில் நின்று, யாருடனோ கதைப்பவன்போல ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு, சிக்னல் கம்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. ரயில்வே பாதுகாப்பு உத்தியோகத்தர். இவ்வளவு நேரமாக வாயே திறக்காமல் யாரோடு கதைக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஃபோனைக் கொடுத்தேன். கேலரியில் ஒரு படமும் இல்லை. எடுத்தவுடன் ஆபீஸ் டிரைவுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுவேன். யாராவது பிடித்தால் கையில் ஒன்றும் அகப்படக் கூடாது என்பது என் கணக்கு. வெறும் ஃபோனைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் இறுகியது. என்னை ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

2. மெட்ரோ இல்லாத ஊரின் மெட்ரோ

ஹெவ்லொக் டவுனில் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் ரூட் பில்டர். வெளிநாட்டு ரயில் சிமுலேட்டர் கேம் ஒன்றுக்கு, உண்மையான பாதைகளை 3D-யில் கட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. டிராக் போடுவது, சிக்னல் நிறுத்துவது, டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரிகிற கட்டடங்களை அடுக்குவது.

அந்த முறை கிளையண்ட் புதிய மெட்ரோ லைன் ஒன்றுக்கு யோசனை கேட்டிருந்தார். மற்றவர்கள் பெரிய பெரிய வெளிநாட்டு நகரங்களைச் சொன்னார்கள். நான் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து தெஹிவளை வரையான எங்கள் கரையோர லைனைச் சொன்னேன். கொழும்பில் மெட்ரோ எங்கே என்று சிரித்தார்கள். அடுத்தடுத்து ஸ்டேஷன், அலுவலகச் சனம், ஒரு பக்கம் முழுக்கக் கடல், இதைவிட என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். கிளையண்ட் ஒரு மாதிரிப் பகுதி கேட்டார். எனக்கு ப்ரொபேஷன் முடிகிற நேரம். இந்த லைன் எடுபட்டால் வேலை நிரந்தரம் என்று டீம் லீட் ருவன் சொல்லியிருந்தார்.

கிளையண்ட் கேட்ட படங்களின் விவரத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. புறக்கோட்டையில் மூட்டை இறக்குகிறவர். கொட்டாஞ்சேனைக்கு நாங்கள் வந்த யுத்த காலத்தில் சோதனை என்று எத்தனையோ தரம் வீட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர். சிக்னல், கால்வாய்ப் பாலத்தின் அடிப்பக்கம், தூண்கள் என்று நான் வாசிக்க வாசிக்க அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"விளையாடுறவனுக்குப் பாலத்தின்ரை அடி என்னத்துக்கு?"

"டிரெய்ன் பாலத்தில போகேக்க அதை வெளியால நிண்டும் பாக்கலாம் அப்பா. அதுக்குத்தான்."

"அவனை நீ கண்டனியோ?"

"இல்லை. ஈமெயில்தான்."

"காணாத ஒருத்தன் பாலத்தைக் கேக்கிறான். படிச்ச பிள்ளை நீ ஓமெண்டு தலையாட்டுறாய். எடுக்கத்தான் வேணுமெண்டால் ஒருத்தர் கண்ணிலையும் படாமல் எடு. எடுத்ததை வைச்சிருக்காதை. துண்டுக் கடதாசி ஒண்டும் சட்டைப் பையில இருக்கப்படாது."

அன்றிரவு நான் கிளையண்டின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தேன். கேமைச் செய்தவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. ஆனாலும் அந்தச் சந்தேகம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்பா சொன்னபடியே எடுத்தேன். ரயில் ஜன்னல் கம்பிக்கு இடையால், ஆட்களின் தோளுக்கு மேலால். எல்லாம் சரிந்த படங்கள். பார்த்த ருவனுக்கு வேறு சந்தேகம். "மல்லி, இது நீ எடுத்ததா, எங்கயாவது சுட்டதா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். சிங்களத்தில் அவருக்கு நான் மல்லி, தம்பி; எனக்கு அவர் அய்யே, அண்ணன். அடுத்தவன் படத்தைப் பாவித்தால் கிளையண்ட் கையைக் கழுவிவிடுவார். நான்தான் எடுத்தேன் அய்யே என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

3. ஸ்டேஷன் மாஸ்டரின் கேள்வி

அறையில் என் அடையாள அட்டையை மேசையில் வைக்கச் சொன்னார்கள். கேமுக்காக என்று சொன்னேன். சொல்லும்போதே அது பொய்போல எனக்கே கேட்டது. ருவனுக்குக் கோல் எடுக்க அனுமதித்தார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் லாப்டொப்போடு வந்து சேர்ந்தார்.

பாதி கட்டிய ரூட்டைத் திறந்து காட்டினார். சாம்பல் நிறத் தண்டவாளம், வர்ணம் பூசாத பிளாட்ஃபோர்ம், நீலமாய்க் கடல். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். ஏன் ஒரு சனமும் இல்லை, இது என்ன ஊரடங்கா என்று கேட்டார். ஆட்களைக் கடைசியில்தான் வைப்போம் என்று ருவன் சொன்னார். பாதுகாப்பு உத்தியோகத்தர் முதன்முதலாகச் சிரித்தார்.

அனுமதிக் கடிதம் எங்கே என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டபோது, அப்படி ஒன்று வேண்டுமா என்றார் ருவன். பள்ளிக்கூடக் காலத்தில் இதே பிளாட்ஃபோர்மில் நின்று எத்தனையோ எஞ்சின்களைப் படம் எடுத்திருக்கிறாராம். ஒருவரும் கடிதம் கேட்கவில்லையாம். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மேசையில் கிடந்த என் அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் அட்டையை என்னிடம் நீட்டினார். கமரா கொண்டு வருகிறவர்களை இங்கே தினமும் காண்கிறோம், ஒளித்து எடுத்தவன் நீ ஒருவன்தான் என்றார். என் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ருவன் கேட்டார்.

"ஏன் மல்லி ஒளிச்சு எடுத்தாய்?"

"உங்களை ஆரும் கேக்கேல்லை அய்யே. என்னைக் கேப்பினம்."

அவர் போடப்போன ஹெல்மட்டைத் திரும்ப மோட்டார் சைக்கிளில் வைத்தார். பிறகு, கடிதத்துக்குத் தானே அலைவதாகச் சொன்னார்.

4. பாலம்

ரயில்வே திணைக்களத்தின் கடிதம் வந்தது. முக்காலியில் பெரிய கமராவை வைத்து, பட்டப்பகலில், பாலத்தின் அடிவரை எடுத்தேன். என்னைப் பிடித்த அதே உத்தியோகத்தர் குறுக்கே வந்தவர்களை ஒதுக்கிவிட்டார். மாதிரிப் பகுதி எடுபட்டது. வேலையும் நிரந்தரமானது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் கடிதம், பிறகு கமரா. எடுப்பதை நாலு பேர் பார்க்க எடுங்கள். எடுத்ததை அழிக்காதீர்கள்.

ரூட் முடிந்ததும் அப்பாவுக்கு ஓட்டிக் காட்டினேன். ரயில் பாலத்தைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

"இதில எங்கட வீடு தெரியுமோ?"

"இல்லை அப்பா. இந்த லைன் கொட்டாஞ்சேனைப் பக்கம் வராது."

"நல்லது." என் பக்கம் திரும்பினார். "அந்தக் கடிதம் எங்கை?"

"ஆபீஸ் மேசையில."

"நாளைக்கு எடுத்துக்கொண்டு வா. லமினேட் பண்ணி பேர்ஸுக்குள்ள வை. வேலை முடிஞ்சுது எண்டு எறிஞ்சு போடாதை."