காவல் குடிலுக்குப் போகாத குரல்

மாமல்லபுரம் கடற்கரையில் நான் வேலை பார்க்கும் விடுதியில், ஊழியர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் வைஃபை போன்கள் நாற்பது. பதினோரு ஆண்டுகளாக அவை என் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றின் அமைப்பையும் தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒருவர் எங்களிடம் சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். வந்த இரண்டாம் வாரமே, குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக் என்ற முறையை நாற்பதிலும் எடுத்துவிட்டு, சுருக்காமல் அனுப்பும் கோடெக்கைப் போட்டார். கடல்காற்று இரையாதபடி மைக்கையும் இரண்டு படி குறைத்தார். ஒரே காலை வேலை. நெட்வொர்க் குறுகலாக இருந்த நாளில் நான் போட்டது அந்தச் சுருக்கம். புது நெட்வொர்க் வந்த பிறகும் எனக்கு மாற்றத் தோன்றவில்லை.

சமையலறை அக்கா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாண்ணா, இத்தினி வருசமா எங்கள கெணத்துக்குள்ள குந்தி பேச வெச்சிக்கினு இருந்தியே! இப்ப பாரு, பக்கத்துல நின்னு பேசுறாப்புல கீது."

நானும் சிரித்தேன். அன்று மதியம் என் நோட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

நெம்மேலி அருகே திறக்கப்போகும் இரண்டாவது விடுதியின் போன்களையும் சேர்த்து எங்கள் இருவரில் ஒருவரிடம் கொடுப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். அந்த வார வெள்ளிக்கிழமை முடிவு.

செவ்வாய் காலை 10.40க்கு, இளையவர் செய்த அமைப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். குற்றம் தேடித்தான் பார்த்தேன். கிடைத்தது. கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கும் காவல் குடிலில், இந்த நாற்பதில் சேராத பழைய போனுக்குச் சுருக்கும் கோடெக் மட்டுமே தெரியும். அதை அவர் இரண்டாவது தேர்வாகக்கூட விட்டுவைக்கவில்லை. எங்கள் போனிலிருந்து அழைத்தால் அங்கே மணி அடிக்கும்; எடுத்ததும் துண்டித்துக்கொள்ளும். அவர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கு முன் யாராவது புகார் செய்யட்டும் என்று காத்திருந்தேன்.

வியாழன் மாலை, விருந்தினர் ஒருவர் சிவப்புக் கொடியைத் தாண்டி அலைக்குள் போவதை அக்கா மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். குடிலுக்கு மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் துண்டித்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் குடிலுக்கு ஓடினார். உயிர்காப்பாளர்கள் விருந்தினரை உயிரோடு இழுத்து வந்தார்கள்.

செய்தி கேட்டதும் இளையவர் என்னிடம் வந்தார். "தப்பு என்னுதுதான், அண்ணாத்த. அந்தப் பழைய போன மறந்துட்டேன். நீ ஒருவாட்டி பாத்திருந்தா புடிச்சிருப்ப."

"பாத்தேன். செவ்வாக்கெழமயே."

"அக்கா ஓடலன்னா?" என்றார். அன்றிரவே இருவரும் நாற்பதிலும் பழைய கோடெக்கை இரண்டாவது தேர்வாகச் சேர்த்தோம்.

மறுநாள் மேலாளரிடம் தன் தவறை மட்டும் சொன்னார். நான் மறைத்ததைச் சொல்லவில்லை. தவறை ஒளிக்காத ஆள் என்று மேலாளர் நெம்மேலியையும் அவருக்கே கொடுத்தார்.

இப்போது எந்த மாற்றம் செய்தாலும் முதலில் எனக்கு அனுப்பி, "பாத்து சொல்லு, அண்ணாத்த" என்கிறார். வரி வரியாகப் பார்க்கிறேன். பிழை இருக்கக் கூடாதே என்று நினைக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை. இருந்தால் உடனே சொல்லிவிடுகிறேன்.