பூசணிக்கு முதல் வெட்டு

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஐப்பசி வாக்கில் வரும். அப்போதெல்லாம் ஓசூரில் ஸ்வெட்டர் போடாமல் காலையில் பால் வாங்கப் போக முடியாது. மழையா இல்லையா என்று முடிவெடுக்காத ஒரு தூறலும் கூடவே காற்றும் இருக்கும். அவரவர் நிலத்தில் விளைந்ததைக் கொண்டு வந்து ஆலயத்தில் படைப்பார்கள். எனக்கு விளைவதற்கு வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடியைத் தவிர ஒன்றும் கிடையாது. அதனால் பூசணி ரொட்டி செய்துகொண்டு போவேன். ஆராதனை முடிந்ததும் பின்பக்க ஷெட்டில் எல்லாரும் டீயோடு அதைத் தின்பார்கள். வருஷா வருஷம் கேரட் அல்வா கொண்டு வரும் அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் தடவை போனில் வீடியோ பார்த்துத்தான் செய்தேன். அதில் வந்த வெள்ளைக்காரப் பெண் ஒரு டப்பாவைத் திறந்து பூசணி விழுதைக் கொட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. டப்பாவில் வருவதற்கு அது பூசணியா, பெயிண்டா? நான் காயை ஆவியில் வேகவைத்து, மசித்து, பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடிப்பேன். அந்தத் தண்ணீர் போகாவிட்டால் ரொட்டியின் நடுப்பகுதி உள்ளே அமுங்கிவிடும். கோதுமை மாவோடு ஒரு பிடி ராகி மாவு சேர்ப்பேன், சர்க்கரைக்குப் பதில் வெல்லம். முட்டை, எண்ணெய், சோடா உப்பு எல்லாம் எல்லோரும் போடுவதுதான். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு நான்கையும் லேசாகச் சூடாக்கி இடித்துப் போட வேண்டும். ரொட்டி ஓவனுக்குள் போய்க் கால் மணி நேரம் ஆனால் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து என்ன விசேஷம் என்று கேட்பார்கள்.

காய் மட்டும் கடையில் வாங்க மாட்டேன். ராயக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வரும். அனுப்புவது ஓர் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் எட்டு வருஷம் ஒயர் கோத்தவர்கள். பிறகு அவள் வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கப் போய்விட்டாள். தக்காளியும் பீன்சும் போடுகிறார்கள், வரப்போரம் பூசணிக் கொடி. அவளுடைய கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அக்கா புருஷன் எப்படி உனக்கு அண்ணன் ஆவார் என்று லைனில் கேலி செய்வார்கள். வாயில் வந்துவிட்டது, மாறவில்லை.

அக்கா வீட்டில் ஒரு வழக்கம். முழுப் பூசணியைப் பெண் பிள்ளை வெட்டக் கூடாது. ஆண் ஒருவர் ஒரு போடு போட்டு இரண்டாகப் பிளந்த பிறகுதான் பெண் அதன்மேல் கத்தி வைக்கலாம். ஏன் என்று கேட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பாள், அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. நான் வேதக்காரி, எங்களுக்கு இந்தச் சாத்திரமெல்லாம் கிடையாது என்று அவளிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஆனாலும் வருஷா வருஷம் அண்ணன் நூல் பிடித்த மாதிரி நேராகப் பிளந்து, இரண்டு பாதியையும் சேர்த்துக் கயிறு கட்டி, தக்காளி ஏற்றி வரும் டெம்போவில் கொடுத்தனுப்பிய காயைத்தான் நான் நறுக்கியிருக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆனியில் அண்ணன் செத்துப்போனார். மாரடைப்பு. தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் போயிருந்தேன். எடுக்கும்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை என்பதற்காக.

நான்கு மாதம் கழித்து, பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால், ஷிப்ட் முடிந்து வந்து தலைக்குமேல் வேலை கிடக்கும்போது அக்காவுக்குப் போன் போட்டேன். காய் இருக்கிறதா என்றேன். நல்லதாக ஒன்று விட்டு வைத்திருக்கிறேன் என்றாள். வழக்கமாகச் சொல்வது அப்படியே வாயில் வந்தது.

"அண்ணன்கிட்டச் சொல்லி ரெண்டாப் பொளந்து அனுப்புங்கக்கா."

"சரி, சொல்றேன்," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

குக்கர் மூடியைக் கழுவப் போனேன். பாதி கழுவும்போதுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. மூடியைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ராத்திரி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் மணி அடித்து அடித்து நின்றது. என் நாக்கில் சனி. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவள் சரி என்று சொன்னதுதான் எனக்கு இன்னும் வலித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவளிடம் இனி என்ன பேச்சு என்று முடித்துக்கொண்ட குரலாகவே அது என் காதில் கேட்டது. என் வீட்டுக்காரரைத் தவிர எனக்கு இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் கிடையாது. பத்துப் பதினைந்து வருஷத்தில் நான் சம்பாதித்த ஒரே மனுஷி அவள்தான். அவளையும் தொலைத்துவிட்டேன் என்று பயந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இந்த வருஷம் காய் வரவில்லையா என்று அவர் கேட்டபோது, விளைச்சல் சரியில்லையாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு எப்போதும் வராது. இரண்டே நாளில் அவர் முன்னால் உட்கார்ந்து அழுது எல்லாவற்றையும் கொட்டினேன்.

"போன்ல தீர்க்கற விஷயமா இது? நேர்ல போ," என்றார்.

"வெளிய போடின்னு சொல்லிட்டா?"

"சொன்னா வாங்கிக்கோ. நீ பேசுனதுக்கு அவங்க அதுகூடச் சொல்லக் கூடாதா?"

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ராயக்கோட்டை பஸ் ஏறினேன். மறுநாள் பண்டிகை. ரொட்டியைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கோட்டை மலை கண்ணில் பட்டபோது ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து, அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் லேசாக எட்டிப் பார்த்தது.

அக்கா கொட்டகையில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலின்மேல் அந்தக் காய் இருந்தது. முழுசாக, காம்போடு. பக்கத்தில் அண்ணனுடைய அருவாள்.

"ஒக்காரு. பஸ்ல கூட்டமா?" என்றாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே அழுதுகொண்டு, அக்கா, நான் வேணும்னு சொல்லலை, வாய் தவறிப்போச்சு, என்மேல் கோபத்தை வெச்சிக்காதீங்க என்று உளறினேன். அவள் தக்காளியைக் கீழே வைத்தாள்.

"ஒம்மேல எனக்கு என்னாடி கோவம்? நீ சொன்னது மட்டும்தான் ஒனக்கு ஞாபகம் இருக்குது. நான் என்னா சொன்னேன், சொல்லு பாக்கலாம்."

"சரின்னு சொன்னீங்க."

"சரி, சொல்றேன்னு சொன்னேன். போனை வெச்சிட்டு, காயைத் தூக்கிக்கினு, அருவாளை எடுத்துக்கினு இங்க வந்துட்டேன். வந்து, இந்தாங்க, இதை ரெண்டாப் பொளந்து குடுங்கன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அப்பறந்தான் யாரும் இல்லன்னு தெரிஞ்சுது."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கி வெச்ச காய். அப்பிடியே கெடக்குது. போனை எடுத்தா நீ மன்னிப்புக் கேப்ப. கேட்டுட்டின்னா அவரு செத்தவரா ஆயிடுவாரு. அதான் எடுக்கல."

ஒரு தக்காளியை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னாள்.

"வரவங்க எல்லாம் பாவம், நல்ல மனுசன், பாவம்னுட்டுப் போறாங்க. நாலு மாசத்துல அவருக்கு ஒரு வேலை சொன்னவ நீ ஒருத்திதான்."

அதற்குப் பிறகு இருவரும் அழுதோம், அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அழுது முடித்ததும் அவள்தான் நாளைக்கு உனக்குப் பண்டிகை இல்லையா என்று ஞாபகப்படுத்தினாள். அவளுடைய கொழுந்தனைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லலாமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "நீதான் வேதக்காரி ஆச்சே. ஒனக்குத்தான் சாத்திரம் கெடையாதே. வெட்டு."

அருவாளை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை எழவில்லை. என் வீட்டில் ஓர் ஆம்பிளை நன்றாக இருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக அவள் முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அருவாள் பாதியில் போய் மாட்டிக்கொண்டது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. காயோடு சேர்த்துத் தூக்கி ஆட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எட்டு வருசம் வாயாலதான் வேலை செஞ்சியா நீ? தள்ளு," என்று எழுந்து வந்து, என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். காய் கோணலாகப் பிளந்தது. ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சின்னதாகவும் போயிற்று.

அவள் பண்டிகைக்கு வரவில்லை. இப்போ வேணாம், எல்லாம் மூஞ்சையே பாப்பாங்க என்றாள். அன்று ராத்திரி அவசர அவசரமாகச் செய்ததில் தண்ணீர் சரியாக வடியாமல் ரொட்டியின் நடு அமுங்கிப்போயிற்று. கேரட் அல்வா அம்மா இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, இந்தத் தடவை என்ன இப்படி ஆயிருச்சு என்று அக்கறையாக விசாரித்தார். அடுத்த வாரம் ஒரு முழு ரொட்டியை டெம்போக்காரரிடம் கொடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

போன வருஷம் ஐப்பசி வந்தபோது போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். கடைசியில், அண்ணன்கிட்டச் சொல்லி ரெண்டாப் பொளந்து அனுப்புங்கக்கா என்றேன். சரி, சொல்றேன் என்றாள்.

இந்த வருஷம் போன வாரம் கூப்பிட்டேன். அதையே சொன்னேன், அவளும் அதையே சொன்னாள். நேற்று டெம்போவில் காய் வந்தது. இரண்டு பாதியையும் சேர்த்து, அண்ணன் கட்டுகிற மாதிரியே கயிறு கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். வெட்டு இந்தத் தடவையும் கோணல்தான். விதையை வழித்துப் போட்டுவிட்டு, வேகவைக்கத் தண்ணீர் வைத்தேன்.