தள்ளிவிட்டது என் அறிவு அல்ல

பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்ததிலிருந்து, யாராவது தொட்டால் நான் விலகினாலும், சத்தத்தை விட்டு ஒதுங்கினாலும் ஊரார் சொன்னது ஒன்றுதான்: "படிச்ச திமிரு." நானோ அதை என் அறிவு என்று நினைத்து, அவர்களை மட்டமாகப் பார்த்தேன்.

மாமனார் இறந்தபோது கச்சிராயபாளையம் வீட்டில் சாவு மேளம் காதைப் பிளந்தது. அப்பாவை இழந்த என் நாத்தனார், வழக்கப்படி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உடம்பெல்லாம் பதறித் தள்ளிவிட்டேன். மாமனாரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி முனையில் மோதி அவர் நெற்றி கிழிந்தது. கண் தப்பியதே பெரிது.

"இன்னா பொம்பள இவ!" என்று வீடே காறித் துப்பியது.

பயந்துபோய் கள்ளக்குறிச்சியில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். பல முறை விசாரித்த பிறகு அவர் சொன்னார்: "கணக்கு சட்டுனு வருது பாருங்க, அது அறிவு. சின்ன வயசுலருந்து தொட்டா தாங்கல, சத்தம் தாங்கலன்றீங்களே, அது ஆட்டிசம். உங்களுக்கு ரெண்டும் இருக்குங்க."

இப்போதெல்லாம் சாவு வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: "என்னைக் கட்டிப்புடிக்காதீங்க, தாங்காது. பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன்." காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, பிணம் எடுக்கும்வரை நகர்வதில்லை.

போன மாதமும் ஒரு சாவில் நாத்தனார், "திமிரு போவல பாரு" என்றார். எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அரை மணியில் பஸ் ஏறிவிட்டார்.