சுலைமானி நிறத்தில் ஒரு வெள்ளை ஒயின்

போன செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பாட்டில்களுக்கு மரண தண்டனை விதித்தேன். ஒரே கையெழுத்து. எந்த ஜட்ஜும் இத்தனை வேகமாக எழுதியிருக்க மாட்டார்.

துபாய் ஹோட்டல் ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். அரிசியோ ஒயினோ, எது வந்தாலும் பார்த்து, கையெழுத்துப் போட்டு உள்ளே விடவேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஒயினில் ஒரு சொட்டுகூட நான் குடித்ததில்லை.

அந்த வாரம் எங்கள் ரெஸ்டாரன்டில் ஜார்ஜியா நாட்டுச் சாப்பாட்டு விழா. அதற்காக வந்த செஃப் நோதார், தன் ஊர் ஒயினையும் வரவழைத்திருந்தார். பெட்டியைப் பிரித்தேன். லேபிளில் ஜிலேபி பிழிந்த மாதிரி எழுத்து. கூட வந்த காகிதத்தில் 'ஒயிட் ஒயின்'. பாட்டிலுக்குள்ளே... சுலைமானி. பால் விடாத டீ நிறம்.

எனக்கு வியர்த்துவிட்டது. போன மாதம்தான் கெட்டுப்போன சீஸை உள்ளே விட்டு, மேனேஜர் மெஹ்ராவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொரு தப்பு நடந்தால் ஊருக்கு டிக்கெட் என்றிருந்தார். பார் சூப்பர்வைசர் சிவநேசனைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"உது பழுதாப் போச்சுது அண்ணை. வெள்ளை எண்டால் வெள்ளையா எல்லோ இருக்கவேணும். பேசாமல் எழுதிவிடுங்கோ."

எழுதினேன் — 'கெட்டுவிட்டது'. அப்படி எழுதிய சரக்கை அன்றைக்கே, மேனேஜர் முன்னால் சிங்க்கில் ஊற்றிவிட வேண்டும். எங்கள் ஹோட்டல் வழக்கம்.

விஷயம் கேள்விப்பட்டு நோதார் ஓடி வந்தார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சேர்ந்தால் முக்கால் இங்கிலீஷ். ஆனாலும் புரிந்தது. வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்தவுடன் தோலை எடுத்துவிடுவார்களாம். இவர் ஊரில் எடுப்பதில்லை. மண்ணில் கழுத்துவரை புதைத்த பானையில் தோலும் கொட்டையுமாக ஆறு மாதம் ஊறுமாம். நிறம் அப்படி இறங்கியது.

திராட்சையும் அவர்கள் பள்ளத்தாக்கில் மட்டுமே விளைகிற ஜாதி. பெயரை ஐந்து தடவை சொல்லிக்கொடுத்தார். எனக்குத் தும்மல்தான் வந்தது. அதிகம் காய்க்காத கொடி என்று சோவியத் காலத்தில் பிடுங்கச் சொன்னார்களாம். அவருடைய அப்பா பிடுங்கவில்லை. மிச்சம் மூன்றே வரிசை.

எனக்குச் சுருக்கென்றது. நான் திருநெல்வேலிக்காரன். தொலி உளுந்துச் சோறு தின்று வளர்ந்த உடம்பு. தோலோடு பொங்கினால் சோறு கறுக்கும். கறுத்தால் கெட்டுப்போனதாகுமா? அதைத் தெரிந்துவைத்துக்கொண்டா எழுதினேன்?

நாலு மணிக்கு மெஹ்ரா வந்தார். "ஊத்து பாய், ஜல்தி."

"ஊத்த மாட்டேன் சார்."

சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"நீதானே கெட்டுப்போச்சுன்னு எழுதினே?"

"ஒயின் கெடலை சார். அவசரத்துல நான்தான் தப்பா எழுதிட்டேன்."

சிவநேசன் என் சட்டையை இழுத்தார். "அண்ணை, சும்மா இருங்கோ. வேலை போகப்போகுது." நான் சிங்க்கை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"அச்சா. ஒரே ஒரு கெஸ்ட் திருப்பி அனுப்பட்டும். அன்னிக்கே உனக்கு டிக்கெட்" என்றார் மெஹ்ரா.

எழுதியதை அடித்தேன். 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட வேகத்தில் என் பெயரும் ஜார்ஜிய எழுத்தாகவே விழுந்தது.

ஒன்று கேட்கிறேன். தோலை உரித்து, வெளுத்துக் காட்டினால்தான் உயர்த்தி என்று யார் சொன்னது? இந்த ஊரில் ஒரே வேலைக்குச் சம்பளம்கூடத் தோலைப் பார்த்துத்தான். தினமும் அதற்காகப் பொருமுகிற நானே, நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினேன் பாருங்கள். இனி எழுத மாட்டேன். டிக்கெட் கிழித்தாலும் சரி.

விழா முழுக்கக் கிச்சன் கதவின் வட்டக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றேன். கடைசி நாள் ஒரு கெஸ்ட் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார். ஒரு மடக்குக் குடித்தார். சிவநேசனைக் கூப்பிட்டார். என் கண்முன்னே மீனம்பாக்கம் ஏர்போர்ட் வந்து போனது...

"இன்னும் ஒரு பாட்டில் இருக்கோ எண்டு கேக்கிறார் அண்ணை."

அவருக்கு ஊற்றியதுதான் கடைசிப் பாட்டில். நோதார் அதில் எனக்கென்று ஒரு கிளாஸ் எடுத்துவைத்து, குடித்தே ஆகவேண்டும் என்று நின்றார். வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். எனக்குப் பிடிக்காமல் போனால், மறுபடியும் அடித்து எழுத வேண்டியிருக்குமே!